முகவரி இல்லாத பிட்டுகள்

ஸ்பேன்=1,1,0,சிசிஎஸ்,எச்டிபி3,சிஆர்சி4

ஆஸ்டரிஸ்க் என்ற திறமூல மென்பொருளைக் கொண்டு அலுவலகங்களுக்குத் தொலைபேசி இணைப்பகம் அமைத்துத் தருகிறவர்களுக்கு இந்த வரி தண்ணீர்பட்ட பாடு. தொலைபேசி நிறுவனம் இழுத்துவந்து கொடுக்கும் இ-1 கம்பியைக் கணினியிலுள்ள அட்டையில் செருகியதும், அட்டைக்கு முதலில் சொல்லவேண்டியது இதைத்தான். சிஸ்கோ ரௌட்டராக இருந்தால் ஏறத்தாழ இதே விஷயங்களை ‘ஃப்ரேமிங்’, ‘லைன்கோட்’, ‘கிளாக் சோர்ஸ்’ என்று தனித்தனி வரிகளாகக் கேட்கும். பெரும்பாலும் முன்னால் யாரோ எழுதி ஓடவிட்ட வரியை எடுத்து அப்படியே ஒட்டுகிறோம். பச்சை விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. எரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறோம்.

இந்த அத்தியாயத்தில் அந்த ஒற்றை வரியை நிதானமாகப் படிக்கப் போகிறோம். கமாக்களுக்கு நடுவே நிற்கும் அந்தச் சின்னச் சொற்களில் அறுபது ஆண்டுப் பொறியியல் அடங்கியிருக்கிறது. அவை அனைத்தும் வெவ்வேறு வேலை செய்வதுபோலத் தோன்றினாலும் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன. கம்பியில் இப்போது வந்த இந்தத் துடிப்பு எந்த நேரத்துக்கு உரியது?

அந்தக் கேள்வி ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இணையத்தில் செல்லும் ஒவ்வொரு பொட்டலமும் தன் தலையில் முகவரியைச் சுமந்துகொண்டு போகிறது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எத்தனையாவது துண்டு என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். தாமதமாக வந்தாலும், வரிசை மாறி வந்தாலும் எடுத்து அடுக்கிக்கொள்ளலாம். இ-1 கம்பியில் ஓடும் பிட்டுகளுக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. ஒரு பிட் யாருடைய பேச்சைச் சேர்ந்தது என்பதை அது வந்து சேரும் நேரத்தை வைத்து மட்டுமே சொல்ல முடியும். நேரம் தப்பினால் உங்கள் குரல் வேறு யாரோ ஒருவரின் காதில் போய் விழும்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1937-இல் பாரிஸில் இருக்கிறது. ஐடிடி நிறுவனத்தின் அங்குள்ள ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ், நெடுந்தொலைவுத் தொலைபேசியின் தீராத நோயான இரைச்சலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். கம்பி நீள நீளக் குரல் தேய்கிறது. நடுவே பெருக்கி வைத்தால் குரலோடு இரைச்சலும் பெருகுகிறது. அடுத்த பெருக்கி அந்தப் பெருகிய இரைச்சலை மறுபடியும் பெருக்குகிறது. குரலின் அலையை அப்படியே அனுப்புவதை விட்டுவிட்டு, அலையின் உயரத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து அந்த எண்களை மட்டும் அனுப்பினால் என்ன என்று ரீவ்ஸ் கேட்டார். எண்ணுக்குத் துடிப்பு உண்டு அல்லது இல்லை என்ற இரண்டு நிலைகள் போதும். பழுதடைந்த துடிப்பை வழியிலேயே புதிதாகச் செய்து அனுப்பிவிடலாம். இரைச்சல் அங்கேயே நின்றுபோகும். 1938-இல் பிரான்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் அன்றைய வெற்றிடக் குழாய்களைக் கொண்டு கட்டுப்படியாகும் செலவில் இதைச் செய்ய வழியில்லை. டிரான்சிஸ்டர் வந்து, அது மலிந்த பிறகுதான், 1962-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் சிகாகோ பகுதியில் டி-1 என்ற பெயரில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கால் நூற்றாண்டு காத்திருந்த எண்ணம் அது.

எவ்வளவு இடைவெளியில் அளப்பது? தொலைபேசியில் செல்லும் குரல் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களுக்குள் அடங்கும். ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கோட்பாட்டின்படி, உச்ச அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் எதுவும் இழப்பாகாது. சற்றுத் தாராளமாக 4,000 என்று வைத்துக்கொண்டு நொடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். அதாவது 125 மைக்ரோநொடிக்கு ஓர் அளவீடு. ஒவ்வோர் அளவீடும் 8 பிட். ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 பிட்.

இந்த 125 மைக்ரோநொடி என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை கூடவே வரும். ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கம்பி சும்மா கிடக்கிறதே, அந்த நேரத்தில் வேறு குரல்களின் அளவீடுகளை அனுப்பலாமே என்பதுதான் அடுத்த படி. அமெரிக்கர்கள் 24 குரல்களைச் சேர்த்தார்கள். 24 முறை 8, அதோடு எல்லையைக் காட்ட ஒரு பிட், ஆக 193 பிட். நொடிக்கு 8,000 முறை என்றால் 15 லட்சத்து 44 ஆயிரம் பிட். ஐரோப்பியர்கள் பின்னால் வந்ததால் இரண்டின் அடுக்காக 32 இடங்களை எடுத்துக்கொண்டார்கள்; 256 பிட், நொடிக்கு 20 லட்சத்து 48 ஆயிரம். இதுதான் இ-1. 125 மைக்ரோநொடிக்குள் போகும் ஒரு தொகுதிக்கு ஃப்ரேம் என்று பெயர். அதிலுள்ள ஒவ்வோர் இடமும் ஒரு டைம்ஸ்லாட். இந்தியாவிலும் இலங்கையிலும் ஓடுவது இ-1. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சில பழைய அட்டைகளில் எது வேண்டும் என்பதை ஒரு சின்ன ஜம்பர்தான் தீர்மானிக்கும். அதை மாற்ற மறந்தால் மென்பொருளில் என்ன எழுதினாலும் விளக்கு சிவப்பாகவே நிற்கும்.

இப்போது வரிக்குள் போகலாம். முதல் 1 என்பது கம்பியின் எண். இரண்டாவது கம்பி இருந்தால் அதற்கு 2. அடுத்த 1 கடிகாரத்தைப் பற்றியது. அதுதான் இந்த வரியின் உயிர்நாடி என்பதால் கடைசியில் வருவோம். மூன்றாவதாக நிற்கும் 0, கம்பியின் நீளத்துக்கு ஏற்பத் துடிப்பின் வலுவை அமைப்பது. கருவிக்குப் பக்கத்திலேயே கம்பி முடிந்தால் 0 போதும். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

எச்டிபி3-இல்தான் நிறைய இருக்கிறது. கம்பியில் 1 என்ற பிட்டை மின்துடிப்பாகவும் 0 என்ற பிட்டைத் துடிப்பின்மையாகவும் அனுப்புகிறார்கள். எல்லாத் துடிப்புகளும் ஒரே திசையில் இருந்தால் கம்பியில் மின்னழுத்தம் ஒருபக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். அது டிரான்ஸ்ஃபார்மரைக் கடந்து போகாது. அதனால் ஒரு துடிப்பு மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று மாறி மாறி அனுப்புவது வழக்கம். முதல் 1-க்கு +3 வோல்ட் என்றால் அடுத்த 1-க்கு −3 வோல்ட். இதற்கு ஏஎம்ஐ என்று பெயர். இதில் ஒரு நல்ல பக்கவிளைவும் உண்டு. அடுத்தடுத்து இரண்டு துடிப்புகள் ஒரே திசையில் வந்தால் வழியில் ஏதோ கெட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

சிக்கல் பூஜ்யங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் டி-1 கம்பியில் சுமார் 6,000 அடிக்கு ஒன்றாக ரிப்பீட்டர்களை வைத்தார்கள். பழைய குரல் கம்பிகளுக்குச் சுருள்களைப் பொருத்திவைத்திருந்த அதே நிலத்தடிக் குழிகளில் அந்தச் சுருள்களை எடுத்துவிட்டு இவற்றை வைத்தார்கள். தேய்ந்து வரும் துடிப்பைப் புதிதாகச் செய்து அனுப்புவது ரிப்பீட்டரின் வேலை. அதற்கு ஒவ்வொரு பிட்டும் எந்தக் கணத்தில் வரவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும். ஆனால் நேரத்தைச் சொல்லத் தனிக் கம்பி கிடையாது. வரும் துடிப்புகளிலிருந்தே நேரத்தைக் கறந்துகொள்ளவேண்டும். ஒவ்வொரு துடிப்பும் ரிப்பீட்டரிலுள்ள அலைவுச் சுற்றை ஒரு தட்டு தட்டி ஓடவைக்கிறது. தொடர்ந்து பூஜ்யங்கள் வந்தால் தட்ட ஆளில்லை, அலைவு அடங்கிவிடும். எத்தனை பூஜ்யங்கள் கடந்தன என்று எண்ண முடியாமல் போய்விடும். இ-1-இல் ஒரு பிட்டின் ஆயுள் 488 நானோநொடிதான்.

பேச்சில் பூஜ்யம் எப்போது அதிகம் வரும்? யாரும் பேசாமல் இருக்கும்போது. உரையாடலில் பாதி நேரம் ஒருவர் மௌனமாகத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே குரலை எண்ணாக்கும் முறையை வகுத்தவர்கள் அங்கேயே ஒரு காரியம் செய்தார்கள். அமெரிக்க முறையான மியூ-லாவில் பிட்டுகளைத் தலைகீழாக்கினார்கள். அதில் முழு மௌனம் 11111111 என்று போகும். நம் நாட்டில் பயன்படும் ஏ-லாவில் ஒன்றுவிட்டு ஒரு பிட்டைத் திருப்பினார்கள். மௌனம் 11010101 என்று போகும். யாரும் பேசாத நேரத்தில் கம்பியில் துடிப்பு அதிகம். தொலைபேசித் தொழில்நுட்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. கேட்பவருக்கு ஒன்றும் கேட்காத அந்த வேளையில் கருவிகளுக்கு நேரம் சொல்லும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது.

குரலுக்கு இது போதும். ஆனால் அதே கம்பியில் கணினித் தரவு ஓடத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு உடைந்தது. ஒரு கோப்பில் ஆயிரக்கணக்கான பூஜ்யங்கள் அடுத்தடுத்து இருப்பது சாதாரணம். இதற்குக் கிடைத்த தீர்வு, விதியை வேண்டுமென்றே மீறுவது. எச்டிபி3-இல் நான்கு பூஜ்யங்கள் சேர்ந்து வந்தால் அனுப்பும் கருவி அந்த நான்கையும் எடுத்துவிட்டு, கடைசி இடத்தில் ஒரு பொய்த் துடிப்பை வைக்கும். அந்தத் துடிப்பு முந்தைய துடிப்பின் அதே திசையில் இருக்கும். மாறி மாறி வரவேண்டும் என்ற விதிக்கு அது முரண். பெறும் கருவி அந்த முரணைப் பார்த்ததும் ‘இது உண்மையான 1 அல்ல, நான்கு பூஜ்யங்களின் அடையாளம்’ என்று புரிந்துகொண்டு பழையபடி பூஜ்யங்களைப் போட்டுவிடும். இந்தப் பொய்த் துடிப்புகளே ஒருபக்கமாகச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத் தேவைப்படும்போது முதல் இடத்திலும் ஒரு துடிப்பைச் சேர்த்து, முரண்களும் மேலும் கீழும் மாறி மாறி வருமாறு பார்த்துக்கொள்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் கம்பியில் மூன்று பூஜ்யங்களுக்கு மேல் தொடர்ந்து வராது. பெயரின் கடைசியில் நிற்கும் 3 அதுதான். அமெரிக்கர்கள் இதே வேலையை எட்டுப் பூஜ்யங்களுக்கு ஒருமுறை செய்கிறார்கள். அதன் பெயர் பி8இசட்எஸ்.

இரு முனைகளிலும் இது ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது என்பதுதான் ஆபத்து. ஒரு முனை எச்டிபி3, மறுமுனை ஏஎம்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு எழுந்துவிடலாம், பேச்சுகூடக் கேட்கலாம். பூஜ்யங்கள் சேர்ந்து வரும்போது மட்டும் மறுமுனை பொய்த் துடிப்பை மெய்யென்று எடுத்துக்கொள்ளும். அதனால் எல்லாக் கோப்புகளும் போகும், குறிப்பிட்ட ஒரு கோப்பு மட்டும் எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே இடத்தில் நிற்கும். வைரஸா, மென்பொருளா என்று நாள்கணக்கில் தேடுவார்கள். அனுபவமுள்ள பொறியாளர்கள் இந்தப் புகாரைக் கேட்டதும், முழுக்கப் பூஜ்யங்களை நிரப்பிய பிங் பொட்டலங்களை அனுப்பிப் பார்ப்பார்கள். சாதாரண பிங் போய், பூஜ்ய பிங் விழுந்தால் லைன்கோடைத்தான் பார்க்கவேண்டும்.

அடுத்தது ஃப்ரேமிங். பிட்டுகள் சரியான நேரத்தில் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் எந்தப் பிட்டிலிருந்து எண்ணத் தொடங்குவது? கச்சேரிக்குத் தாமதமாக வந்து, தனி ஆவர்த்தனத்தின் நடுவில் உட்கார்ந்து தாளம் போடத் தொடங்குகிறவரின் நிலைமை இது. காலப்பிரமாணம் அவருக்குச் சரியாகப் பிடிபட்டிருக்கும். சமம் எங்கே என்பது மட்டும் தெரியாது. ஓர் அட்சரம் தள்ளித் தொடங்கிவிட்டால் கடைசி வரை அதே சீராகத் தப்பாகவே போட்டுக்கொண்டிருப்பார். இ-1-இல் சமத்தைக் காட்டுவதற்கென்றே முதல் டைம்ஸ்லாட்டை, அதாவது 0 எண்ணுள்ளதை, ஒதுக்கியிருக்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேமில் அந்த இடத்தில் 0011011 என்ற ஏழு பிட்டுகள் வரும். பெறும் கருவி பிட் வெள்ளத்தில் இந்தக் கோலத்தைத் தேடும். கிடைத்ததும் அடுத்த ஃப்ரேமில் அது இருக்கக் கூடாது என்றும், அதற்கடுத்ததில் மறுபடியும் இருக்கவேண்டும் என்றும் சரிபார்க்கும். மூன்றும் பொருந்தினால் எண்ணிக்கை பிடிபட்டது.

இங்கேயும் ஒரு பொல்லாப்பு உண்டு. 0011011 என்பது உலகத்தில் வேறெங்கும் வராத மந்திரம் ஒன்றும் இல்லையே. யாரோ ஒருவரின் தரவில் அதே ஏழு பிட்டுகள் அதே இடைவெளியில் தற்செயலாக வந்துகொண்டிருந்தால், கருவி அந்தப் போலியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை. உள்ளே எல்லா டைம்ஸ்லாட்டும் இடம் மாறிக் கிடக்கும். இதைத் தடுக்கத்தான் சிஆர்சி4 வந்தது. அனுப்பும் முனை எட்டு ஃப்ரேம்களை, அதாவது 2,048 பிட்டுகளை, ஒரு கணக்கில் ஓட்டி நான்கு பிட் மீதியை எடுத்து அடுத்த எட்டு ஃப்ரேம்களோடு சேர்த்து அனுப்பும். பெறும் முனையும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். எட்டு ஃப்ரேம் என்பது ஒரு மில்லிநொடி. ஆகவே நொடிக்கு 1,000 சோதனைகள். இந்த 1,000-இல் 915 அல்லது அதற்கு மேல் தப்பினால், பிடித்திருக்கும் சமம் போலி என்று முடிவுகட்டி முதலிலிருந்து தேடவேண்டும் என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி.

அது என்ன 915? முதல் தடவை அந்த எண்ணைப் பார்க்கிறவர்களுக்கு ஏதோ கணக்கில் வராத எண்போலத் தோன்றும். யோசித்தால் விளங்கிவிடும். தவறான இடத்திலிருந்து எண்ணினாலும் நான்கு பிட் மீதி குருட்டாம்போக்கில் பதினாறுக்கு ஒருமுறை பொருந்திவிடும். 1,000 முறையில் ஏறக்குறைய 62 முறை பொருந்தும். மீதி 938 முறை தப்பும். அந்த 938-க்குக் கொஞ்சம் கீழே கோடு போட்டிருக்கிறார்கள். உண்மையான சமத்தைப் பிடித்திருக்கும் ஒரு கம்பியில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் 915 வரை போவது அரிது. போலியைப் பிடித்திருந்தாலோ அதற்குக் கீழே இறங்குவது அரிது. இரண்டையும் பிரிக்கும் கோடு அது.

ஒரு முனையில் சிஆர்சி4 என்று எழுதி மறுமுனையில் எழுதாமல் விட்டால் கருவிக்குக் கருவி நடத்தை மாறும். சில கருவிகள் தாமாகவே சமாளித்துக்கொள்ளும். சில பிடிவாதமாக எழ மறுக்கும். புதிய இணைப்பு வாங்கும்போது தொலைபேசி நிறுவனத்தின் பொறியாளரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுவே. ஊகம் இதில் உதவாது.

சிசிஎஸ் பற்றிச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். மணி அடிக்கிறது, எடுத்தார்கள், வைத்துவிட்டார்கள் என்ற செய்திகளுக்கு எல்லா அழைப்புகளுக்கும் பொதுவாக ஒரே தடம் என்று பொருள். இ-1-இல் அது 16 எண்ணுள்ள டைம்ஸ்லாட். எல்லையைக் காட்ட ஒன்று, செய்திக்கு ஒன்று போக மீதி 30 குரல்கள். அலுவலகங்களில் ‘முப்பது சேனல் பிஆர்ஐ’ என்று சொல்வது இதைத்தான். பழைய அமெரிக்க டி-1-இல் இப்படித் தனி இடம் கிடையாது. ஆறு ஃப்ரேமுக்கு ஒருமுறை ஒவ்வொரு குரலிலிருந்தும் ஒரு பிட்டைத் திருடி அதில் செய்தியை அனுப்பினார்கள். காதுக்குத் தெரியாத திருட்டு. ஆனால் தரவு அனுப்புகிறவர்களுக்கு எந்தப் பிட் போகும் என்றே தெரியாததால் எட்டாவது பிட்டையே கைவிட்டு, 64-க்குப் பதில் 56 கிலோபிட்டோடு திருப்திப்பட வேண்டியிருந்தது.

இனிக் கடிகாரம். வரியின் இரண்டாவது இடத்தில் நிற்கும் அந்த 1.

ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு படிகங்கள் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. இ-1 கருவியின் கடிகாரம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை விலகலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிர்முனை நம்மைவிட அவ்வளவு வேகமாக அனுப்பினால், ஒரு முழு ஃப்ரேம் அளவுக்கு, அதாவது 125 மைக்ரோநொடிக்கு, நாம் பின்தங்க எவ்வளவு நேரமாகும்? 125-ஐ 50-ஆல் வகுத்தால் இரண்டரை நொடி. இரண்டரை நொடிக்கு ஒருமுறை, வந்த ஃப்ரேமை வைக்க இடமில்லாமல் ஒன்றைத் தூக்கி எறியவேண்டும். நாம் வேகமாக இருந்தால் தருவதற்குப் புதியது இல்லாமல் பழைய ஃப்ரேமையே இன்னொரு முறை கொடுக்கவேண்டும். இதற்குத்தான் ஸ்லிப் என்று பெயர். ஃப்ரேமை முழுசாகத் தூக்கி எறிவதும் முழுசாகத் திரும்பக் கொடுப்பதும் யோசித்துச் செய்த ஏற்பாடு. பாதியில் விட்டால் சமம் தவறிவிடும். முழுசாக விட்டால் எண்ணிக்கை காப்பாற்றப்படும்.

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இணைப்பகம் புதிதாக வந்திருக்கிறது. விளக்கு பச்சை. அழைப்புகள் வருகின்றன, போகின்றன. எப்போதாவது ஒரு ‘டிக்’ சத்தம் கேட்கிறது, யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஃபேக்ஸ் மட்டும் பாதிப் பக்கத்தில் அறுந்துபோகிறது. ஃபேக்ஸ் இயந்திரத்தை மாற்றுகிறார்கள். அதன் கம்பியை மாற்றுகிறார்கள். கோளாறு அங்கே இல்லை. வரியில் இரண்டாவது இடத்தில் 1-க்குப் பதில் 0 என்று எழுதியிருக்கிறார்கள். ‘இந்தக் கம்பியிலிருந்து நேரத்தை எடுக்காதே, உன் சொந்தப் படிகத்தை நம்பு’ என்பது அதன் பொருள். அந்தப் படிகம் தொலைபேசி நிறுவனத்தின் கடிகாரத்திலிருந்து பத்து லட்சத்தில் 5 பங்கு விலகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 25 நொடிக்கு ஒரு ஸ்லிப். வேகமான ஃபேக்ஸ் இயந்திரம் 1,800 ஹெர்ட்ஸ் அலையின் மீது படத்தை ஏற்றி அனுப்புகிறது. அந்த அலையில் 125 மைக்ரோநொடி காணாமல் போனால் அது திடீரென 81 பாகை தாவும். கிட்டத்தட்டக் கால் சுற்று. அலையின் கோணத்தைப் பார்த்துத்தான் மறுமுனையிலுள்ள மோடம் பிட்டுகளைப் படிக்கிறது. பேச்சில் ஒரு ‘டிக்’காகக் கடந்துபோவது அங்கே படத்தையே கிழித்துவிடுகிறது. கருவியின் புள்ளிவிவரப் பக்கத்தில் ஸ்லிப் எண்ணிக்கை ஒரே சீராக ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் கோளாறு அந்த நிமிடமே தெரிந்துவிடும். பச்சை விளக்கை நம்பி அந்தப் பக்கத்தைத் திறக்காமல் விடுவதால்தான் இது மாதக்கணக்கில் நீடிக்கிறது.

இதற்கு எதிர்த்திசைத் தவறும் உண்டு. இரண்டு அலுவலகங்களைச் சொந்தக் கம்பியால் இணைக்கும்போது இரு முனைகளிலும் ‘கம்பியிலிருந்து நேரத்தை எடு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்று மற்றதைப் பார்த்து ஓடும். மற்றது இதைப் பார்த்து ஓடும். தலைமை தாங்க யாரும் இல்லாததால் வேகம் மெல்ல மெல்ல எங்கோ ஒரு பக்கம் நழுவிப்போகும். ஒரு முனை கடிகாரம் தரவேண்டும், மறுமுனை அதைப் பின்பற்றவேண்டும். இதில் சமத்துவத்துக்கு இடமில்லை.

அப்படியானால் தொலைபேசி நிறுவனத்துக்கு யார் கடிகாரம் தருகிறார்கள்? மேலே, அதற்கும் மேலே என்று ஏறிப்போனால் கடைசியில் ஒரு சீசியம் அணுக் கடிகாரமோ, செயற்கைக்கோளிலிருந்து நேரம் எடுக்கும் ஜிபிஎஸ் பெறியோ இருக்கும். நொடி என்பதையே 1967 முதல் சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகள் என்றுதானே வரையறுத்திருக்கிறார்கள். நாட்டின் தலைமைக் கடிகாரம் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. இரண்டு நாடுகளின் தலைமைக் கடிகாரங்கள் எதிரெதிர்த் திசையில் அந்த அளவுக்கு விலகினாலும், அவற்றை இணைக்கும் கம்பியில் 72 நாளுக்கு ஒரு ஸ்லிப்தான் வரும். உங்கள் மேசைக்கு அடியிலுள்ள கணினி அட்டையில் 1 என்று எழுதும்போது, அதன் படிகம் பல படிகள் கடந்து அந்த அணுக் கடிகாரத்தோடு கட்டப்படுகிறது.

களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள். இ-1 செருகி பார்ப்பதற்கு லேன் செருகிபோலவே இருக்கும். ஆனால் பயன்படும் ஊசிகள் வேறு. இங்கே 1, 2 ஒரு ஜோடி. 4, 5 இன்னொரு ஜோடி. இரண்டு கருவிகளை நேரடியாக இணைக்க 1-ஐ 4-க்கும் 2-ஐ 5-க்கும் மாற்றிக் கட்டவேண்டும். லேனுக்கான கிராஸ் கேபிளில் 1-ஐ 3-க்கும் 2-ஐ 6-க்கும் மாற்றிக் கட்டியிருக்கும். அதைப் போட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டாவது, லூப்பேக் சோதனையைப் பற்றியது. ஒரு சின்னச் செருகியில் 1-ஐ 4-உடனும் 2-ஐ 5-உடனும் இணைத்து அட்டையில் குத்தினால் அனுப்பியது அப்படியே திரும்பி வரும், விளக்கு பச்சையாகும். அட்டை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. அதற்கு மேல் எதையும் அது நிரூபிக்காது. தன் ஃப்ரேமைத் தானே படிக்கிறது, தன் கடிகாரத்தைத் தானே பின்பற்றுகிறது. அங்கே முரண்பாடு எழவே வழியில்லை. லூப்பேக்கில் ஒருநாளும் ஸ்லிப் வராது. ‘எங்கள் பக்கம் சோதித்துவிட்டோம், கோளாறு உங்கள் பக்கம்’ என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்ளும் பல சண்டைகளுக்கு இந்தச் சோதனையின் மீதுள்ள அளவுகடந்த நம்பிக்கைதான் காரணம்.

எச்சரிக்கை விளக்குகளையும் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. சிவப்பு என்றால் எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. மஞ்சள் என்றால் நீ அனுப்புவது எனக்கு வரவில்லை என்று மறுமுனை சொல்கிறது. அதாவது அதன் குரல் நமக்கு வருகிறது, நம் குரல் போகவில்லை. நீலம் என்றால் வழியில் எங்கோ தொடர்பு அறுந்துவிட்டது, நடுவிலுள்ள கருவி அதை நமக்குத் தெரிவிக்கிறது. அந்த நீலச் செய்தியை எப்படி அனுப்புகிறார்கள் தெரியுமா? ஃப்ரேம் இல்லை, எல்லை இல்லை, இடைவிடாத 1, 1, 1 மட்டும். சொல்வதற்கு ஒன்றும் இல்லாத நிலையிலும் துடிப்பு நிற்கக் கூடாது. நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் கருவிகள் எல்லாம் நேரத்தைத் தொலைத்துவிடும்.

இ-1 இணைப்புகள் இப்போது வேகமாகக் குறைந்துவருகின்றன. அலுவலகத் தொலைபேசிகள் எஸ்ஐபி வழியாக இணையப் பொட்டலங்களில் பேசுகின்றன. பொட்டலத்துக்கு முகவரி உண்டு. நேரம் முன்பின் ஆனாலும் சமாளித்துக்கொள்ளும். செல்பேசிக் கோபுரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த இ-1 கம்பிகளையும் எடுத்துவிட்டு ஈதர்நெட் போட்டார்கள். அப்போதுதான் பழைய கம்பி என்ன செய்துகொண்டிருந்தது என்பது பளிச்சென்று தெரிந்தது. கோபுரத்தின் வானொலி அதிர்வெண் நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் விலகக் கூடாது. விலகினால், ஓடும் வண்டியில் பேசிக்கொண்டிருப்பவரை ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றும்போது அழைப்பு அறுந்துபோகலாம். அந்தத் துல்லியம் கோபுரங்களுக்கு இ-1-இன் துடிப்புகளிலிருந்தே கிடைத்துவந்தது. ஈதர்நெட்டில் தரவு முன்னைவிடப் பல மடங்கு வேகமாக வந்தது; நேரம் மட்டும் வரவில்லை. சாதாரண ஈதர்நெட்டில் ஒவ்வொரு கருவியும் தன் சொந்தப் படிகத்தின்படியே ஓடுகிறது.

எனவே விட்டதை மறுபடியும் கட்டவேண்டியிருந்தது. ஈதர்நெட்டின் துடிப்புகளையே மேலிருந்து வரும் கடிகாரத்தோடு பூட்டும் சிங்க்-ஈ என்ற முறை வந்தது. நேரமுத்திரை குத்திய பொட்டலங்களை அனுப்பி, அவை போய்வர எடுத்துக்கொள்ளும் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழிக்கும் பிடிபி என்ற முறை ஐஇஇஇ 1588 தரநிலையாக 2002-இல் வெளிவந்து, 2008-இல் தொலைத்தொடர்புக்கு ஏற்ற வடிவத்துக்கு வளர்ந்தது. ஒரே அலைவரிசையில் அனுப்புவதும் பெறுவதும் மாறி மாறி நடக்கும் 5ஜி வலைகளில் வேகம் மட்டும் ஒத்திருந்தால் போதாது. எல்லாக் கோபுரங்களும் ஒன்றரை மைக்ரோநொடிக்குள் ஒரே கணத்தில் தொடங்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு கோபுரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கோபுரம் பேசத் தொடங்கி, கைபேசியின் மெல்லிய குரலை மூழ்கடித்துவிடும். இன்று ஒரு 5ஜி நிலையத்தை அமைக்கும் பொறியாளர் எச்டிபி3 என்றோ சிஆர்சி4 என்றோ எழுதுவதில்லை. கிளாக் சோர்ஸ் எது என்பதை மட்டும் இன்றும் எழுதவேண்டியிருக்கிறது: ஜிபிஎஸ்ஸா, பிடிபியா, சிங்க்-ஈயா, முதலாவது தவறினால் அடுத்து எது.